வேண்டியதை மட்டும் கேட்டல்
(பெரிய சி மொழி நிரல்களில் ஹெடர்க் கோப்புகளின் ஒழுங்கு பற்றிச் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இன்று பேசுதற்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் இம்மேடைக்குச் சற்றுப் புதியது. எமது இளைஞருட் பலர் கணினித்துறையிற் பயில்கின்றனர். சிலர் அத்துறையிலே தொழிலும் புரிகின்றனர். பெரியோருட் பலருக்கோ அத்துறை அவ்வளவு பழக்கமானதன்று. இரு சாராருக்கும் விளங்குமாறு ஒரு நுட்பமான விடயத்தைச் சொல்ல முயல்கின்றோம். சி என்னும் மொழியிலே எழுதப்பட்ட ஒரு பெரிய நிரல், ஆண்டுகள் பல சென்ற பின் தன் பாரத்தைத் தானே சுமக்கமாட்டாது தடுமாறுவது ஏன்? அதனை மீட்பது எங்ஙனம்? இவையே எமது வினாக்கள்.

விடையை முதலிலேயே கூறிவிடுகின்றோம். பொதுவிடத்திலே ஒருவர் தமது வசதிக்காக வைக்கும் சிறு பொருள், பின்வருவோர் அனைவரும் சுமக்கும் பாரமாகிவிடுகின்றது. அதனைத் தடுக்கும் வழி, ஒவ்வொருவரும் தமக்கு வேண்டியதைத் தாமே நேரிற் கேட்டுப் பெறுதலும், வேண்டாததைக் கேளாதிருத்தலுமேயாம். இனி இதனை விரித்துரைப்போம்.

ஹெடர்க் கோப்பு என்பது யாது?

சி மொழியை ஆக்கியவர் டெனிஸ் றிச்சி. 1970களின் தொடக்கத்திலே அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் அவர் அதனை உருவாக்கினார். ஒரு நிரலைப் பல கோப்புகளாகப் பிரித்து எழுதி, ஒவ்வொன்றையும் தனித்தனியே கம்பைலர் மூலம் இயந்திர மொழிக்கு மாற்றி, ஈற்றிலே யாவற்றையும் ஒன்றாக இணைப்பது அம்மொழியின் வழக்கம். கம்பைலர் ஒரு கோப்பைப் படிக்கும்போது மற்றைக் கோப்புகளைப் பார்ப்பதில்லை. ஆதலின், வேறொரு கோப்பிலுள்ள செயற்கூறு ஒன்றை இங்கே அழைக்கவேண்டுமாயின், அதன் பெயர் யாது, அது எவற்றைப் பெறும், எதனைத் தரும் என்பவற்றை முன்னதாகவே கம்பைலருக்கு அறிவித்தல் வேண்டும். அவ்வறிவிப்புகளைத் திரட்டி வைக்கும் பொதுக் கோப்பே ஹெடர்க் கோப்பு எனப்படும்.

வேண்டிய கோப்பின் தலையில் ‘இன்குளூட்’ என்றொரு வரியை எழுதிவிட்டால், அந்த ஹெடரின் வாசகம் முழுவதும் அவ்விடத்திலே அப்படியே படியெடுத்து ஒட்டப்படும். இவ்வேலையைச் செய்யும் முன்செயலி 1972, 1973 ஆண்டுகளை ஒட்டிச் சி மொழியிற் சேர்ந்தது. தொடக்கத்தில் அது செய்தவை இரண்டே: கோப்பைச் சேர்த்தல், ஒரு சொல்லுக்குப் பதிலாக இன்னொன்றை இடுதல். மிக எளிய கருவி. அக்காலத்துச் சிறிய நிரல்களுக்கு அது போதுமானதாகவும் இருந்தது.

ஈண்டு ஓர் உவமை கூறுவோம். ஒருவருக்கு வரும் வெள்ளிக்கிழமை என்ன திதி என்று தெரியவேண்டியுள்ளது. அதனை ஒரு வரியிற் சொல்லிவிடலாம். அங்ஙனமன்றி, பஞ்சாங்கம் முழுவதையும் படியெடுத்து அவருடைய கடிதத்தின் தலையில் ஒட்டுகின்றோம் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பஞ்சாங்கத்தின் முதற் பக்கத்திலோ ‘இன்னுமொரு நூலையும் உடன் சேர்க்க’ என்று எழுதியிருக்கின்றது; அந்த நூலிலே மேலும் மூன்று நூல்களின் பெயர்கள் உள்ளன. கடிதமோ பத்து வரிகள். அதன் தலைப்பாரமோ பல்லாயிரம் வரிகள். கடிதம் எழுதுவோர் ஆயிரவராயின், ஆயிரம் முறையும் இப்படியெடுப்பு நிகழும். சி மொழியின் ஹெடர் முறையிலுள்ள இடர் இதுவேயாம்.

பாரம் பெருகிய வரலாறு

ஒரு ஹெடர் ஒரே கோப்பினுள் இருமுறை வந்தால் வரையறைகள் இரட்டித்துப் பிழை உண்டாகும். அதனைத் தவிர்க்க ஒவ்வொரு ஹெடருக்கும் ஒரு காவல் இடுவர். முதன்முறை வரும்போது ஓர் அடையாளம் பொறிக்கப்படும். மறுமுறை வந்தால், அடையாளத்தைக் கண்டு உள்ளடக்கம் விலக்கப்படும். இது பிழையைத் தடுத்தது. வீண் உழைப்பை முற்றாகத் தடுக்கவில்லை. யூனிக்ஸ் முன்னோடிகளில் ஒருவரான றொப் பைக் 2012ஆம் ஆண்டில் ஆற்றிய ஓர் உரையிலே இதற்கு நல்ல சான்று தந்துள்ளார். 1984இல் யூனிக்ஸின் ‘பீஎஸ்’ என்னும் சிறு கட்டளையின் மூலக் கோப்பைக் கம்பைல் செய்தபோது, ஒரே ஹெடர் 37 முறை சேர்க்கப்பட்டமை காணப்பட்டதாம். 36 முறை அதன் உள்ளடக்கம் வீசப்பட்டது. எனினும் அக்காலத்துக் கம்பைலர்களிற் பெரும்பாலானவை 37 முறையும் அக்கோப்பைத் திறந்து படித்தே தீரும்.

இக்காலத்துக் கம்பைலர்கள் காவலுள்ள ஹெடரை அறிந்து, ஒரே கோப்பினுள் அதனை மறுமுறை திறவாது விடுகின்றன. ஆயினும், அடுத்த மூலக் கோப்புக்குப் போகும்போது எல்லாம் முதலிலிருந்தே தொடங்கும். அதே உரையிலே பைக் இன்னுமொரு கணக்கையும் காட்டுகின்றார். 2007இல் கூகிள் நிறுவனத்தின் பெரிய நிரலொன்றை அளந்து பார்த்தனர். அது சியின் வழிவந்த சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதப்பட்டது. ஏறத்தாழ 2,000 மூலக் கோப்புகள். யாவற்றையுஞ் சேர்த்தால் 4.2 மெகாபைட். இன்குளூட் வரிகள் விரிந்தபின் கம்பைலருக்குப் போய்ச் சேர்ந்ததோ 8 கிகாபைட்டுக்கும் மேல். மனிதர் எழுதிய ஒவ்வோர் எழுத்துக்கும் இயந்திரம் ஏறத்தாழ 2,000 எழுத்துகளைப் படிக்க நேர்ந்தது.

காலவிரயம் ஒருபுறமிருக்க, மறைவான தீமை ஒன்றும் உண்டு. முதலாவது கோப்பு இரண்டாவது ஹெடரைச் சேர்க்கின்றது; இரண்டாவது மூன்றாவதைச் சேர்க்கின்றது. முதலாவது கோப்பை எழுதியவர் மூன்றாவதிலுள்ள ஒன்றைப் பயன்படுத்துகின்றார். ஆனால் அதனைக் கேட்டதாக எங்கும் எழுதவில்லை. பிறர் கையால் வந்ததைக்கொண்டு அவர் காரியம் நடக்கின்றது. ஒரு நாள் இரண்டாவது ஹெடரைப் பேணுபவர், தமக்கு இனி மூன்றாவது வேண்டாமென்று நீக்குகின்றார். அவர் செய்தது முற்றிலும் முறையான செயல். ஆனால் எங்கோ தொலைவிலுள்ள முதலாவது கோப்பு உடைகின்றது. இதற்கு அஞ்சியே பலர் எதையும் நீக்காது விடுகின்றனர். சேர்ப்பதற்கு ஒரு கணம் போதும். நீக்குவதற்கோ எவருக்கும் துணிவில்லை. ஆகவே பாரம் ஏறுமே தவிர இறங்குவதில்லை.

மாற்றம் ஒன்று, வேலை பல

1976இல் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஸ்டுவர்ட் ஃபெல்ட்மன் ‘மேக்’ என்னும் கருவியை ஆக்கினார். அவருடன் பணிபுரிந்த ஸ்டீவ் ஜோன்சன் ஒரு காலைப்பொழுது முழுவதும் சரியான நிரலிலே பிழை தேடி அலைந்தாராம். பிழை முன்னரே திருத்தப்பட்டிருந்தது. திருத்திய கோப்பை மீண்டும் கம்பைல் செய்யாமையே குறை. எக்கோப்பு மாறினால் எவற்றை மீளச் செய்யவேண்டும் என்பதைக் கருவியே அறிந்து செய்தல் நன்று என்னும் எண்ணம் அதிலிருந்து பிறந்தது.

மேக் நல்ல கருவியே. ஆயின், எது எதனைச் சார்ந்துள்ளது என்று நாம் எழுதிக் கொடுத்ததையே அது நம்பும். கையால் எழுதும் பட்டியல் விரைவிற் பழையதாகிவிடும். அதனால் இன்று ஜீசீசீ, கிளாங் ஆகிய கம்பைலர்களே தாம் படித்த ஹெடர்களின் பட்டியலை எழுதித் தருகின்றன. பட்டியல் உண்மையாக அமைந்தபோதுதான் நோயின் அளவு வெளிப்படுகின்றது. எல்லோரும் சேர்க்கும் ஒரு ஹெடரில் ஒரு வரியை மாற்றினாலும், அதனைச் சார்ந்த ஆயிரக்கணக்கான கோப்புகளை மீளக் கம்பைல் செய்தல் வேண்டும். புதிய விலையுயர்ந்த இயந்திரம் வைத்திருப்போர் இதனைப் பொறுத்துக்கொள்வர். பழைய மடிக்கணினி ஒன்றை வைத்துக்கொண்டு பொதுப்பணிக்குத் தம் பங்கைச் செய்ய விரும்பும் மாணவருக்கோ இது வாயிற்கதவைச் சாத்துவது போலாகும். ஆகவே இது வெறும் துப்புரவுப் பிரச்சினையன்று. யார் உள்ளே வந்து பணிசெய்ய இயலும் என்னும் பிரச்சினையுமாம்.

லினக்ஸ் தரும் பாடம்

இனி, உலகறிந்த ஓர் எடுத்துக்காட்டை நோக்குவோம். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் பின்லாந்தில் மாணவராயிருந்தபோது தொடங்கிய லினக்ஸ் கேர்னல் இன்று கோடிக்கணக்கான கைத்தொலைபேசிகளிலும் சேவைக் கணினிகளிலும் இயங்குகின்றது. அதன் பெரும்பகுதி சி மொழியிலானது. அதிலுள்ள முதன்மையான ஹெடர்கள் மட்டுமே ஏறத்தாழ 10,000.

அவற்றுள் ‘ஷெட்.எச்’ என்பது புகழ்பெற்றது. கணினியில் ஓடும் ஒவ்வொரு பணியையும் குறிக்கும் பெரிய கட்டமைப்பின் வரையறை அதனுள் உள்ளது. நினைவகம், கோப்பு முறைமை, சமிக்ஞை, நேரக் கணக்கு என ஒவ்வொரு பிரிவினரும் தத்தமக்கு வேண்டிய உறுப்பொன்றை அக்கட்டமைப்பினுள் வைத்தனர். உறுப்பை உள்ளே வைப்பதாயின் அதன் அளவு கம்பைலருக்குத் தெரிதல் வேண்டும். அளவு தெரியவேண்டுமாயின் அப்பிரிவின் ஹெடரும் உடன் வருதல் வேண்டும். இவ்வாறு, ஒன்றைக் கேட்டவருக்குப் பலவும் வந்து சேர்ந்தன. எவரும் தீமை செய்யவில்லை. யாவரும் தமக்குக் கிட்டிய வசதியைப் பயன்படுத்தினர், அவ்வளவே.

லினக்ஸின் மூத்த பணியாளருள் ஒருவரான இங்கோ மொல்னார் 2017இலேயே ஷெட்.எச்சைச் சிறு ஹெடர்கள் பலவாகப் பிரித்தார். பின்னர் 2020இன் பிற்பகுதியிலே முழு ஹெடர் முறையையும் சீர்செய்ய முற்பட்டார். 50 முதல் 100 வரையான திருத்தங்கள் போதும், கட்டியெழுப்பும் வேகம் 20 வீதம் கூடும் என்பது அவரது முதற் கணிப்பு. நடந்ததோ வேறு. 2021இன் நடுப்பகுதியில் 500 திருத்தங்களைக் கடந்தபின்னும் கிடைத்த பயன் 4 வீதமளவே. இரண்டாம் முயற்சியையும் தூக்கியெறிய நேர்ந்தது. மூன்றாம் முயற்சியில் 1,000 திருத்தங்களை எட்டியபோதும் 10 வீதமே. 1,500ஐக் கடந்த பின்னரே பயன் விரைந்து பெருகலாயிற்று.

2022ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் திகதி 2,297 திருத்தங்களை அவர் வெளியிட்டார். அவர் அளவுகோலாகக் கொண்ட அமைப்பிலே, முன்பு ஏறத்தாழ 231 வினாடி எடுத்த முழுக் கட்டுமானம் 130 வினாடியில் முடிந்தது. அஃதாவது, ஒரு மணி நேரத்தில் 15.5 முறை கட்டியெழுப்பத்தக்க இயந்திரம் 27.7 முறை கட்டியெழுப்பிற்று. வேகம் 78 வீதம் கூடிற்று.

முதல் 1,000 திருத்தங்களுக்குப் பயன் அற்பமாகவும், பிந்திய சில நூறு திருத்தங்களுக்குப் பயன் பெரிதாகவும் இருந்தது ஏன்? ஒரு குளத்துக்கு வரும் வாய்க்கால்கள் பத்து என்க. ஒன்பதை அடைத்தாலும் பத்தாவதன் வழியே நீர் வந்துகொண்டேயிருக்கும். ஹெடரும் அத்தகையதே. ஒரு பாரமான ஹெடர் எட்டு வழிகளாலே ஒரு கோப்பை வந்தடையுமாயின், ஏழு வழிகளை அறுத்தும் பயனில்லை. எட்டாவதையும் அறுக்கும்போதுதான் பாரம் இறங்கும். இடைவழியிற் பயன் தெரியாமை வேலை வீண் என்பதற்குச் சான்றாகாது.

ஆயினும், அந்த 2,297 திருத்தங்களும் ஒருங்கே கேர்னலில் ஏற்கப்பட்டன அல்ல. நாள்தோறும் பலர் கைவைக்கும் நிரலிலே இத்துணைப் பெரிய மாற்றத்தை ஒரேயடியாகச் சோதித்துச் சேர்ப்பது பெரும்பாடு. 2022இலேயே பணி ஒழுங்கமைப்புப் பகுதியிற் சில சேர்ந்தன. பின்னர் 2024இல் கென்ட் ஓவர்ஸ்ட்ரீட் என்பார் ஷெட்.எச்சை வகை வரையறைகள் மட்டுமுள்ள ஹெடராக ஆக்கும் நோக்குடன் செய்த திருத்தத் தொகுதி 6.8ஆம் பதிப்பிலே சேர்ந்தது. பெருமுயற்சி வழிகாட்டியது, சிறு சிறு பணிகளே நிலைபெற்றன.

கைக்கொள்ளத்தக்க வழிகள்

இளைஞர்கள் நாளையே கைக்கொள்ளத்தக்க சில வழிகளை இனிக் கூறுவோம்.

முதலாவது, பயன்படுத்துவதை நேரிற் கேட்டல். லினக்ஸ் கேர்னலுக்குத் திருத்தம் அனுப்புவோர் பார்க்கவேண்டிய சரிபார்ப்புப் பட்டியலிலே முதலாவதாக நிற்பதும் இதுவே: ஒன்றைப் பயன்படுத்தினால் அதனை அறிவிக்கும் ஹெடரை நீரே சேர்த்துக்கொள்ளும், வேறொரு ஹெடர் அதனைக் கொண்டுவரும் என்று நம்பியிராதீர்.

இரண்டாவது, பெயர் போதுமான இடத்தில் முழு வரையறையைக் கேளாதிருத்தல். ஒரு கட்டமைப்பின் பொயின்டர் என்பது அதன் முகவரி மட்டுமே. ஒரு வீட்டுக்குக் கடிதம் அனுப்ப அதன் முகவரி போதும். உள்ளே எத்தனை அறைகள் என்று அறியவேண்டுவதில்லை. அதுபோல, பொயின்டரை வாங்கிப் பிறரிடம் கொடுப்பது மட்டுமே வேலையாயின், ‘இப்பெயருடைய கட்டமைப்பு ஒன்று உண்டு’ என்னும் ஒருவரி முன்னறிவிப்பே போதும். அக்கட்டமைப்பின் உறுப்பைத் தொடும்போதும், அதன் அளவை அறியவேண்டும்போதும் மட்டுமே முழு வரையறை வேண்டும்.

மூன்றாவது, வகை வரையறைகளையும் செயற்கூறுகளையும் வெவ்வேறு ஹெடர்களிலே வைத்தல். பிற ஹெடர்களுக்குப் பெரும்பாலும் வேண்டுவது வகையே. செயற்கூறின் உடலையே ஹெடரில் வைக்கும் ‘இன்லைன்’ முறை சில இடங்களில் ஓட்டத்தை விரைவாக்கும்; ஆனால் அவ்வுடல் தொடுகின்ற ஒவ்வொன்றின் வரையறையையும் அது உடன் இழுத்துவரும். மிக அடிக்கடி ஓடும் பாதையில் அது தகும். எப்போதாவது அழைக்கப்படும் செயற்கூறை மூலக் கோப்பிலே வைப்பதே தக்கது.

நான்காவது, ஒவ்வொரு மூலக் கோப்பும் தன்னுடைய ஹெடரையே முதலிற் சேர்த்தல். அந்த ஹெடர் தனித்து நிற்குமா என்பது அப்போதே தெரிந்துவிடும். பிறவற்றுக்குப் பின் சேர்த்தால், முன்வந்தவற்றின் தயவிலே அதன் குறை மறைந்துபோகும்.

ஐந்தாவது, அளந்து பார்த்தல். எவ்வெக் ஹெடர்கள் எவ்வழியாக வந்தன என்பதைக் கம்பைலரிடமே கேட்கலாம். முன்செயலி விரித்துத் தரும் வரிகளை எண்ணலாம். ‘இன்குளூட் வட் யூ யூஸ்’ என்னும் பெயரில் ஒரு கருவியும் உண்டு. மிகையான ஹெடர் எது, குறையான ஹெடர் எது என்று அது கூறும். கருவியின் சொல்லை அப்படியே ஏற்றல் கூடாது. ஒரு வகைக் கணினிக்கு வேண்டாத ஹெடர் இன்னொரு வகைக்கு வேண்டியதாயிருக்கலாம். ஆதலின் நீக்கிய பின்னர் பல அமைப்புகளிலும் கட்டியெழுப்பிப் பார்த்தல் அவசியம்.

இவ்விடத்தில் ஒரு கருத்து வேறுபாட்டையும் சொல்லவேண்டும். றொப் பைக் 1989இல் எழுதிய குறிப்பிலே, ஒரு ஹெடர் இன்னொரு ஹெடரைச் சேர்க்கவே கூடாது என்று விதித்தார். வேண்டியவற்றைக் குறிப்பால் உணர்த்தி, மூலக் கோப்பே முறைப்படி சேர்க்கட்டும் என்பது அவர் கருத்து. மற்றொரு சாரார், ஒவ்வொரு ஹெடரும் தனக்கு வேண்டியதைத் தானே சேர்த்துத் தனித்து நிற்கவேண்டும் என்பர். நாம் பின்னையோர் பக்கமே சாய்கின்றோம். பத்துப் பேர் பணிபுரியும் நிரலிலே பைக்கின் விதி அழகாக நடக்கும்; ஆயிரம் பேர் வந்துபோகும் நிரலிலே, சேர்க்கவேண்டிய வரிசையை ஒவ்வொருவரும் நினைவில் வைத்தல் அரிது. எனினும் பைக்கின் விதியினுள் உறையும் உண்மையை விடலாகாது. தனித்து நிற்றல் வேறு. எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு நிற்றல் வேறு. பைக்கும் நண்பரும் பின்னர் ஆக்கி 2009இல் வெளியிட்ட ‘கோ’ என்னும் மொழியிலே, பயன்படுத்தாத ஒன்றைக் கேட்பதே பிழையாகக் கொள்ளப்பட்டு நிரல் நிறுத்தப்படும். சி மொழி அக்கட்டாயத்தை விதிக்கவில்லை. ஆதலின் அதனை நாமே நமக்கு விதித்துக்கொள்ளல் வேண்டும்.

முடிவுரை

இளைஞர்களே, புதிய நிரலொன்றை எழுதிப் புகழ்பெற யாவரும் விரும்புவர். பிறர் எழுதிய ஹெடரிலிருந்து வேண்டாத ஒரு வரியை நீக்கியவருக்கு மாலை சூட்டுவார் எவருமிலர். ஆயினும், அந்த ஒரு வரி நாள்தோறும் பலருடைய நேரத்தையும் மின்சாரத்தையும் உண்டுகொண்டிருந்தது என்பதை எண்ணிப்பாருங்கள். நீங்கள் ஒரு திட்டத்திற் சேர்ந்தால், வாரம் ஒன்றுக்கு ஒரு கோப்பையாவது எடுத்து, அது எவற்றைக் கேட்கின்றது, எவற்றைப் பயன்படுத்துகின்றது என்று ஒப்புநோக்குங்கள். பொது ஹெடரிலே புதிதாக ஒன்றை வைக்குமுன், இதனை எத்தனை பேர் சுமக்கப்போகின்றனர் என்று ஒருமுறை கேட்டுப்பாருங்கள். 2,297 திருத்தங்களாக வந்து நின்ற வேலை, அக்கேள்வி பல ஆண்டுகளாகப் பல்லாயிரம் முறை கேட்கப்படாமையின் விளைவேயாம்.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். பிள்ளைகள் கணினி முன்னிருந்து ஒன்றுஞ் செய்யாது காத்திருப்பதைக் கண்டால், அவர் சோம்பியிருக்கின்றார் என்று உடனே முடிவுகட்டாதீர்கள். முன்னிருந்தோர் சேர்த்துவைத்த பாரத்தை இயந்திரம் சுமந்து முடிக்கும்வரை அவர் காத்திருத்தலுங் கூடும்.